அண்ணன் வாயில் எடுத்த அச்சு

சிரிக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பது கணக்கில் சேராது. அது சிரிப்பல்ல, பல்லைக் காட்டுவது. உண்மையாகவே சிரிப்பு வரும் நேரத்தில் யாரும் கண்ணாடியைத் தேடிப் போவதில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எழுபதுகளில், தூத்துக்குடியில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தெரிந்துகொண்டேன்.

"உடையறதுக்கு முன்னால உங்க பல் எப்படி இருந்துச்சும்மா?" என்று அவர் கேட்டார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பால்பல் காலத்தைக் கழித்தாலும் பதினேழு வருடம் என் வாயிலேயே குடியிருந்த இரண்டு முன்பற்களைப் பற்றி எனக்கு ஒரு வாக்கியம்கூடச் சொல்லத் தெரியவில்லை. (ஆசிரியர் பயிற்சி முடித்தவள் நான். யானையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளை அடித்திருக்கிறேன்.)

பல்லை உடைத்தது என் மகன். பத்து மாதக் குழந்தை. அவன் தரையில் உட்கார்ந்திருந்தான், நான் குனிந்து முத்தம் கொடுக்கப் போனேன். அதே விநாடியில் அவன் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டான். நான் போட்ட சத்தத்துக்கு என் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"ஏளா கிரேசு, பிள்ளைக்குத் தலையில அடி கிடி பட்டுட்டா?"

வாயெல்லாம் ரத்தமாக இருந்தபோதும் நானும் அதைத்தான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிக்குள் பாதிப் பல் ஒன்று இருந்தது. மற்றப் பல்லின் உடைந்த பாதி கடைசிவரை கிடைக்கவில்லை. (அதை அவன் விழுங்கியிருப்பானோ என்று மூன்று நாள் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.)

என் கணவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். இன்னும் பத்து வாரத்தில் ஊருக்கு வர வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டினால் ஐந்து மாதம் இருக்கும். பெண் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் வைத்து அவர் தன் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "சிரிப்பு நல்லாருக்கு." நிறத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. கடிதங்களிலும் கடைசி வரி எப்போதும் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இருக்கும். ஆக, என்னிடம் அவருக்குத் தெரிந்த ஒரே சொத்து அதுதான். அதை நான் உடைத்து வைத்திருக்கிறேன்.

எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமியார் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"கப்பல்ல இருக்கவனுக்குக் கெட்ட சேதி எழுதப்பிடாது. நடுக்கடல்ல அவன் என்ன செய்வான்? இறங்கி நடந்து வருவானா?"

கப்பலுக்கு ஆள் அனுப்பும் வீடுகளில் இது எழுதாத சட்டம். என் கணவரின் சித்தப்பா இறந்து அடக்கமும் ஆன பிறகு போன கடிதத்தில் சித்தப்பாவுக்கு லேசான இருமல் என்றுதான் எழுதினார்கள். அடுத்ததில் இருமல் அதிகமானது. மூன்றாவது கடிதத்தில்தான் சித்தப்பா இறந்தார். அந்தக் கணக்கில் என் பல்லும் முதலில் லேசாக ஆட வேண்டும், பிறகு வலிக்க வேண்டும். அதற்குள் என் கணவரே வந்துவிடுவார்.

மறைப்பது பாவமாயிற்றே என்று ஒரு வாரம் குழம்பினேன். வேதாகமத்தில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கட்டளை இருக்கிறது. பல்லைப் பற்றி எழுதாமல் இருக்காதே என்று இல்லை. இப்படி ஒரு சமாதானம் செய்துகொண்டு, பழைய பல் மாதிரியே அச்சு அசலாகக் கட்டிக்கொண்டுவிட்டால் மறைக்க ஒன்றுமே இருக்காது என்று முடிவுக்கு வந்துதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. உடைந்த பல்லைச் சுற்றிலும் கொஞ்சம் ராவிவிட்டு அதன்மேல் தொப்பி மாதிரி ஒரு கேப் மாட்டுவார்களாம். "மாட்டினது தெரியாம இருக்கணும்னா பழைய பல் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். சிரிக்கிற போட்டோ ஏதாவது கொண்டு வாங்க" என்றார்.

கல்யாண ஆல்பத்தைக் கொண்டு போனேன். புரட்டப் புரட்ட அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. எல்லாவற்றிலும் நான் வாயை இறுக மூடிக்கொண்டு, யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றிருந்தேன். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் "ரெடி" சொல்வதற்கு முன்னால் "பல்லு தெரியாம" என்பார்கள். மிஞ்சியது பயிற்சிப் பள்ளியின் குரூப் போட்டோ. பின்வரிசையில் மிளகாய் விதை அளவுக்கு ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து மகிழ்ச்சியோடு வரையத் தொடங்கினார். வரைந்து முடிக்கும் நேரத்தில்தான் அந்தச் சேலை என்னுடையது இல்லை, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதே நான் என்று எனக்குத் தெரிந்தது.

சரி, பார்த்தவர்களைக் கேட்போம் என்று கேட்டேன். மாமியார், "உனக்கு எலிப்பல்லுலா, குட்டி குட்டியா" என்றார். பக்கத்து வீட்டு அக்கா, "இல்லையே, நல்ல தேங்காய்த் துருவி மாதிரி இருக்குமே" என்றார். (பாராட்டாகத்தான் சொன்னார்.) ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த மாதிரி எனக்கே ஒரு ஞாபகம். ஆனால் எது எதன்மேல்? கண்ணாடியில் இடப்பக்கம் என்றால் வாயில் எந்தப் பக்கம்? கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில், அன்று மாலைக்குள் எனக்குச் சோற்றுக்கை எது என்பதே சந்தேகமாகிவிட்டது.

கடைசியாக, தெரிந்தவரையே கேட்டுவிடுவது என்று என் கணவருக்குத் தந்திரமாக ஒரு கடிதம் எழுதினேன். 'என் சிரிப்பில் உங்களுக்குப் பிடித்தது எது? விவரமாக எழுதவும்.' நான்கு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'எல்லாம்' என்று எழுதியிருந்தார். ஒரு எலக்ட்ரீஷியன் எழுதுகிற பதிலா இது? அளவு வேண்டாமா?

நிறம் பார்த்த நாள் தனிக்கதை. டாக்டர் ஒரு கொத்து மாதிரிப் பற்களை விசிறி போல விரித்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண். என்னை ஜன்னல் ஓரமாக நிறுத்தி, முகப் பவுடரைத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக என் வாயோரம் வைத்துக் கைக்கண்ணாடியைக் கொடுத்தார். நடுநடுவே கண் களைப்பு தீர ஒரு நீலத் துணியைப் பார்க்க வேண்டுமாம். நான் மூன்றாம் எண் என்றேன். நீலத் துணியைப் பார்த்துவிட்டு வந்தால் நான்கு சரியாகத் தெரிந்தது. திரும்பப் பார்த்தால் மூன்றும் நான்கும் ஒன்றாகவே இருந்தன. "மூணரை இருக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குளா இந்த அழுக்குப் பல்லு?" என்று மாமியார், கோடியில் இருந்த ஒன்றாம் எண்ணைத் தொட்டுக் காட்டினார். "இதக் குடுங்க டாக்டரு. பளிச்சின்னு இருக்கு."

"அது உப்பளத்து வெள்ளைம்மா. வாயைத் திறந்தா பல்லு மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. நிஜப் பல்லுல கொஞ்சம் மஞ்சள் இருக்கும். ஈறு பக்கம் அடர்த்தியா, நுனியில கண்ணாடி மாதிரி. ஒரே வெள்ளையா இருந்தாலே பொய்னு அர்த்தம்."

இதற்குள் மாமியாரின் இடுப்பில் இருந்த என் மகன் விசிறியைப் பிடித்து இழுத்து ஐந்தாம் எண்ணை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பல் முளைக்கிற நேரம். டாக்டர் அதை மீட்டு டெட்டாலில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "கலர் என் பொறுப்பு. பக்கத்துப் பல்லைப் பார்த்து நானே முடிவு பண்ணிக்கிறேன். ஷேப் உங்க பொறுப்பு. உங்க சாயல்ல கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா?"

நான் யோசிப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "இவ அண்ணனும் இவளும் ஒரே சாடைலா."

என் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாசரேத்தில் கணக்கு வாத்தியார். அப்பா இல்லாத வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்தவர். ஞாயிறு பள்ளியில் சத்தியத்தைப் பற்றிப் பாடம் எடுப்பவர். யாரையும் திட்டமாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே காத்திருப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் உண்மையைச் சொல்லாமல் தப்பித்தவர்கள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் என் கணவரை உட்கார வைத்து, குடிப்பதுண்டா, சினிமா பார்ப்பதுண்டா, கப்பலில் ஜெபம் உண்டா என்று இரண்டு மணி நேரம் அப்படிச் சிரித்திருக்கிறார். இவர் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததாம்.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை.

"வேற வழி இல்லையா கிரேஸ்? பல்லுங்கது அவங்கவங்களுக்குக் கர்த்தர் தனித்தனியா குடுக்கது."

"அவுக வர்றதுக்கு இன்னும் நாலு வாரந்தாண்ணே இருக்கு" என்று சொல்லி நான் அழுதேன். என் அழுகையைத் தாங்காதவர் அவர். டாக்டரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, காணிக்கைப் பையில் செல்லாக் காசு போடுகிறவர் மாதிரி மெல்ல வாயைத் திறந்தார்.

டாக்டர் சின்னக் கண்ணாடியால் அண்ணனின் முன்பல்லைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு அண்ணனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், இது உங்க பல்லுதானே?"

"என் வாயிலதானே இருக்கு" என்றார் அண்ணன்.

"இருக்கு, இருக்கு. ரொம்ப நல்ல வேலை."

"வேலையா?" என்று நான் கேட்டேன்.

"படைச்சவரோட வேலையச் சொன்னேம்மா." டாக்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, இடது பல்லு வலது பல்லு மேல லேசா ஏறியிருக்கு. ஓரத்துல ஒரு சின்னத் தேய்மானம். இதுதான் இயற்கை. ஸ்கேல் வச்ச மாதிரி ரெண்டையும் செஞ்சா தெருவுல போறவனுக்கும் தெரிஞ்சிரும்."

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், இடது பல்தான். எனக்கும் இதே மாதிரி ஏறித்தான் இருந்தது. அந்தத் தேய்மானம்கூட இருந்தது. நாக்கு அங்கே போய்ப் போய் உரசியதெல்லாம் துல்லியமாக ஞாபகம் வந்தது. "இதேதான் டாக்டர்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வாய்க்குள் அச்சு எடுக்கும் மாவு இருந்ததால் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை.

என் கணவர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் கேப் மாட்டியாயிற்று. நிறம் பக்கத்துப் பற்களோடு அப்படியே கலந்துவிட்டது. மாமியார் பார்த்துவிட்டு, "உன் பல்லேதான்ளா" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து பார்த்து, "உன் பல்லுதானா?" என்றார். என் மகன் வழக்கம்போல விரலை விட்டு ஓட்டையைத் தேடினான். அது இல்லை என்றதும் அழுதான். அவனுக்குத் தெரிந்த அம்மா ஓட்டை உள்ளவள்.

ரயில் நிலையத்தில் அவர் இறங்கியதும் நான் வாயாரச் சிரித்தேன். என்னைப் பார்த்த என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பையில் இருந்த சிகரெட் பெட்டியை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி பெஞ்சுக்கு அடியில் போட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் என்னென்னவோ நடந்தது. நான் காபி கொடுத்துச் சிரித்தால், "கப்பல்லயும் ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணாம இருந்ததில்ல" என்றார். நான் கேட்கவே இல்லை. மீன் வறுத்து வைத்துச் சிரித்தால், "குடிக்கது அறவே கெடயாது" என்றார். மாலையில் நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அவர் எழுந்து வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். மாமியார் ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

எனக்கு மட்டும் சந்தேகம் வந்தது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மனிதன் எதையோ மறைக்கிறான் அல்லவா? எந்தத் துறைமுகத்தில் என்ன நடந்ததோ. அல்லது என்னை வேற்று ஆளாக நினைக்கிறாரோ. பல்லைப் பார்த்துவிட்டாரோ. பார்த்திருந்தால் கேட்டிருப்பாரே. அடுப்படியில் போய் அழுதுவிட்டு, பழைய பிரியம் திரும்ப வரட்டும் என்று முன்னைவிட அதிகமாகச் சிரித்தேன். அவர் முன்னைவிட அதிகமாக வேதாகமம் வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மைனியும் (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சாப்பிட வந்தார்கள். சீலாமீன் குழம்பு. அண்ணன் எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க மாப்பிள்ள?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சோற்றுப் பானையோடு வந்து நின்று சிரித்தேன். என் கணவர் கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அவரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இன்னொரு தடவ சிரிங்க."

சிரித்தோம்.

"அம்மா, இங்கன வாங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுட்டோன்னு நெனச்சேன். அஞ்சு நாளா இவ சிரிக்கப்பல்லாம் மச்சான் வந்து முன்னால நின்னு கேள்வி கேக்க மாதிரியே இருக்கு. எனக்கு வேர்த்துப் போகுது."

என்னால் அடக்க முடியவில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை தலை, ஆல்பம், அச்சு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தார்.

"வீட்டுல இன்னும் என்னென்ன உடஞ்சிருக்கு? இப்பமே மொத்தமாச் சொல்லிருங்க."

"உங்களுக்குப் புடிச்சதே என் சிரிப்பு ஒண்ணுதானே" என்றேன் நான். "அது போயிட்டேன்னுதான்..."

"உன் பல்ல நான் எங்க பாத்தேன்? சிரிப்பு வந்தா முந்தானைய எடுத்து வாயப் பொத்திக்கிடுவேல்லா. கண்ணு மட்டும்தான் சிரிக்கும். இப்பந்தான் பொத்தாம சிரிக்க, உங்க அண்ணன் மாதிரி."

யாருக்கும் என் பல் ஞாபகம் இல்லாததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. புதுப் பல் கட்டிய பெருமையில் முந்தானையை நான் மறந்தே போயிருந்தேன்.

மைனிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "அதுக்காக, எங்க வீட்டு ஆளு பல்லுக்கு என்ன கொற? பொண்ணு பாக்க வந்தப்பமே எங்கம்மா சொன்னாவ, மாப்பிள்ளைக்குப் பல்லு நல்ல பல்லுன்னு."

அண்ணன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். பொய்ச்சாட்சி சொல்லாமல் இத்தனை நாள் சமாளித்துவிட்ட மனிதர் அவர். இந்த ஒரு பாராட்டு அவரைக் கவிழ்த்துவிட்டது.

"அது என் பல்லு இல்ல" என்றார்.

மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மதுரையில் கல்லூரியில் படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேத வகுப்புக்குப் போகாமல், மேட்டினி பார்க்க விடுதிச் சுவர் ஏறிக் குதித்தாராம். குதித்த இடத்தில் கல் இருந்தது. முன்பல் இரண்டும் போய்விட்டன. "அங்கன ஒரு டாக்டரு கட்டிவிட்டாரு. பாக்கதுக்கு இயற்கையா இருக்கணும்னு அவர்தான் ஒண்ண மேல ஏத்தி, ஓரத்தையும் ராவிவிட்டாரு. அம்மாட்ட சொல்லல. அப்புறம் யார்ட்டயும் சொல்ல முடியல."

மைனி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பதினோரு வருடம் குடியிருந்த வீட்டில் ஒரு கதவு இருப்பதை இன்றுதான் பார்த்தவர் மாதிரி.

என் கணவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கப்பலிலிருந்து இறங்கிய பிறகு அன்றுதான் அவர் அப்படி உட்கார்ந்து பார்க்கிறேன்.

"எந்தப் படம் மச்சான்?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

"எங்க பாத்தேன்? விழுந்துட்டம்லா" என்றார் அண்ணன்.

"அப்பம் ரெண்டு பேரு வாயிலயும் இருக்கது யாரு பல்லுதான்?" என்று மாமியார் கேட்டார். பிறகொரு நாள் நான், அண்ணன் பல் கட்டியது என்று தெரிந்தும் சொல்லவில்லையே என்று டாக்டரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நல்ல மாதிரி. யார் செஞ்சா என்னம்மா?" என்றார்.

என் கணவர் அதன்பிறகு மச்சானுக்குப் பயந்ததே இல்லை. கேப் மட்டும் நிலைத்துவிட்டது. தேய்ந்தபோதெல்லாம் அதே அச்சில் மாற்றிக்கொண்டேன். பழகிய முகத்தை யார் மாற்றுவார்கள்? ஏதாவது கல்யாண வீட்டில் என்னையும் அண்ணனையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே சிரிப்பு, அப்பா சாடையோ?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் யார் பக்கத்தில் இருந்தாலும், சின்னப் பிள்ளைகள் உட்பட, "இல்ல, மதுரைச் சாடை" என்று பதில் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

என் பேத்திக்குப் போன வருடம் பால்பல் விழுந்து முன்பல் முளைத்தது. இடது பல் வலது பல்லின் மேல் லேசாக ஏறியிருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்படியானால் எனக்கும் அப்படித்தான் இருந்ததோ? அன்றைக்கு ஞாபகம் வந்தது நிஜம்தானோ? அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, கையில் கண்ணாடியோடு இடது எது வலது எது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பல்லை உடைத்தவன், அவளுடைய அப்பா, பின்னால் வந்து நின்றான்.

"விடுங்கம்மா" என்றான். "அதுவும் மதுரைதான்."